ஆடிக்குப் போன அண்டா

நேற்று மாலை கூடிய நம் அருங்காட்சியக நிர்வாகக் குழு, நெடுநேர விவாதத்துக்குப் பிறகு, பின்வரும் சந்ததியினர் நினைவில் கொள்ளத்தக்க ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. முன்கூடத்துக் கண்ணாடிப் பேழைகளின் கால்களைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போடுவது என்பதே அது. கோடு வட்டமா சதுரமா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. பேழையின் கால் சதுரமாக இருப்பதால் கோடும் சதுரமாக இருப்பதே முறை என்றார் ஓர் உறுப்பினர். எறும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்றார் தலைவர். கடைசியில், எந்த வடிவமானாலும் நடுவில் இடைவெளி விடக்கூடாது என்று ஏகமனதாக முடிவாயிற்று. நீ போன பிறகு இந்தக் குழு ஏகமனதாக முடிவுசெய்த முதல் விஷயம் இது. ஆகவே உனக்கு முறைப்படி தெரிவிக்கிறேன்.

கோடு போடும் பொறுப்பு, செயலாளர் என்ற வகையில், என்னிடம் வந்தது. இன்று காலை பேழையைத் திறந்து பருப்புத் தேங்காய்க் கூட்டைக் கையில் எடுத்தேன். கல்யாணத்தில் மனோகரம் என்ற வெல்லப் பலகாரத்தை அடைத்துக் கூம்பாக நிறுத்துகிற பித்தளைக் கூடு. உள்ளேயிருந்து வெல்லப்பாகும் ஏலக்காயும் மணத்தன. போன வாரம்தான் ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பி வந்தது. கொண்டுவந்தவர்கள் வெறும் கூடாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மனோகரம் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். மனோகரத்தைக் குழு பார்த்துக்கொண்டது. மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொண்டிருந்தது. காட்சிப்பொருள் பலகாரத்தோடு திரும்பிவருகிற அருங்காட்சியகம் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இங்கேயும் இருக்கக் கூடாது என்பதற்கு ஏற்பாடுகள் நடந்தன. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தேசம்மாவிடம் நீ கொடுத்த வாக்கு ஒன்று இருந்ததல்லவா, அந்த அண்டாவைப் பற்றியது? அது இந்த ஆடியில் என் தலைமேல் வந்து விடிந்தது.

நாம் இருவரும் காப்பீட்டு அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர்கள். பிறர் இறந்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டே காலம் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு இருக்கிறவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்றாய். குளத்துக்குப் பின்தெருவில் உன் வீட்டைக் கேட்டுக் கட்டுமானக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நீ முன்கூடத்தையும் பின்கூடத்தையும் காலிசெய்து, வாசலில் மயிலாப்பூர் வரலாற்று, பண்பாட்டு அருங்காட்சியகம் என்று பலகை மாட்டினாய். உள்ளே வைக்க அப்போது ஒரு மர உரலும் உன் மாமனாரின் குடையும்தான் இருந்தன.

பொருளுக்கு நாம் அலையவே வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷங்களில் மயிலாப்பூரில் ஒவ்வொரு வீடாக இடித்து அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அடுக்குமாடி வீட்டில் எல்லாம் இருக்கும், பரண் மட்டும் இருக்காது. பரண் போன பிறகுதான் இந்த ஊருக்குப் பாரம்பரியத்தின் அருமை தெரிந்தது. ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுக்கும்போது கண்கலங்கினார்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், அந்த இடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் வைத்தார்கள்.

கொடுத்ததைக் கேட்டு முதலில் திரும்பி வந்தவர் அந்த ஐந்தடிக் குத்துவிளக்குக்காரர். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வாசற்படியிலேயே நின்று மேல்துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“பொண்ணுக்கு வடபழனி கோயில்ல கல்யாணம். விளக்கு ரெண்டு நாள் வேணும். கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு.”

“இதுல என்ன கூச்சம்? உங்காத்து விளக்குதானே. எடுத்துண்டு போங்கோ. வரச்சே எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம வந்தாப் போறும்” என்றாய் நீ.

அவர் போனதும், இப்படிக் கொடுத்தால் இது எப்படி அருங்காட்சியகம் என்று கேட்டேன். “ஏண்டி, பாங்க் லாக்கர்ல வெச்ச நகையை நாளும் கிழமையுமா எடுத்துப் போட்டுக்கறதில்லையா? லாக்கர்காரன் உக்காந்து அழறானா?” என்று சொல்லிவிட்டு, பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் உன் குண்டு எழுத்தில் எழுதிக் காலிப் பேழையில் சாய்த்து வைத்தாய்: கல்யாணத்துக்குப் போயிருக்கிறது.

அன்றைக்குப் பேழைகளைப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி மற்ற எதையும் படம் எடுக்கவில்லை. அந்த அட்டையை மட்டும் முன்னால் நின்று ஒன்று, தள்ளி நின்று ஒன்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு அட்டைகள் பெருகின. கொலுவுக்குப் போயிருக்கிறது. சீமந்தத்துக்குப் போயிருக்கிறது. காரியத்துக்குப் போயிருக்கிறது, கேட்டு அனுப்ப வேண்டாம், அவர்களே கொண்டுவருவார்கள். தை மாதத்தில் முன்கூடத்தில் பொருளைவிட அட்டையே அதிகமாக இருக்கும். பார்வையாளர் ஒருவர் அதைப் புகாராகவே எழுதிவிட்டுப் போனார். நீ படித்துவிட்டு, “பாவம், முகூர்த்த மாசம்னு தெரியாம வந்துட்டார்” என்றாய்.

அறக்கட்டளையாகப் பதிவுசெய்ய ஒரு தலைவர் வேண்டியிருந்தது. தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற பொறியாளரைப் பிடித்தோம். நல்ல மனிதர். ஓய்வுபெற்ற பிறகும் எதையாவது கட்டாமல் இருக்க முடியாது என்பதைத் தவிர அவரிடம் குறையொன்றும் இல்லை. வந்த முதல் கூட்டத்திலேயே காலிப் பேழைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மாமி, இது மியூசியமா, வாடகைப் பாத்திரக் கடையா?”

“வாடகை வாங்கறதில்லையே சார். அப்பறம் எப்படிக் கடை ஆகும்?”

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், தலைவர் எழுப்பிய ஐயம் தெளிவுபடுத்தப்பட்டது என்று நீ எழுதினாய். அதற்குமேல் பல வருஷம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. காப்பிப் பாத்திரங்கள் பகுதியில் இருந்த பித்தளை பில்டரில் கூட்டத்தன்று நீ டிகாஷன் இறக்கிக் கொடுப்பாய். அதைக் குடித்துக்கொண்டே, பொருள்களைப் பயன்படுத்தக் கூடாது என்று பேசுவது யாருக்குமே சற்றுச் சிரமம்.

தேசம்மா வந்தது ஒரு மழைக்கால முற்பகலில். அடையாறு பஸ் நிறுத்தத்தில் பூ விற்பவர். கண் வைத்தியரிடம் போய்வரும்போதெல்லாம் நீ அவரிடம் பூ வாங்குவாய். பூவைவிடப் பேச்சு அதிகம் வாங்குவாய். கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாக இருந்த அவர்கள் குடியிருப்பை எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் மாடிவீடு ஒதுக்கியிருந்தார்கள். ஆற்றோரத்தில் அவர்களுக்கு ஒரு அம்மன் இருந்தாள். ஆடி மாதம் கூழ் ஊற்ற ஊரே சேர்ந்து வாங்கிய பித்தளை அண்டா ஒன்றும் இருந்தது. அம்மன் சிலை சின்னது, எடுத்துப் போக முடிந்தது. அண்டாவை முடியவில்லை. இதை அவர் பூக்கட்டிக்கொண்டே சொன்னார். நீ, மியூசியத்துக்குக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். என்னிடம் சொல்லவில்லை. மீன்பாடி மூன்றுசக்கர வண்டியில் ஓர் அண்டா வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தெரியும்.

“வூட்டுக்காரம்மா, எங்க எறக்கறது?” என்று தெருவிலிருந்தே குரல் கொடுத்தார் தேசம்மா.

தலைவர் அப்போது இங்கேதான் இருந்தார். அண்டாவை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“இது எந்தக் காலத்தது?”

“எங்க நைனா காலத்துலேர்ந்து கீது சார்.”

“அதுக்கு முன்னால?”

“அதுக்கு முன்னால நைனாவே இல்லியே.”

அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பில் வண்டிக்காரரும் சேர்ந்துகொண்டார். விவர அட்டையில், காலம் என்ற இடத்தில், நைனா காலம் என்றே எழுதினாய். ஆய்வாளர்கள் யாராவது படித்தால் என்ன நினைப்பார்கள் என்று தலைவர் கவலைப்பட்டார். இதுவரை எந்த ஆய்வாளரும் வரவில்லை.

இறக்கிய பிறகு தேசம்மா உட்கார மறுத்துவிட்டார். அண்டாவின் விளிம்பில் கைவைத்துக்கொண்டே பேசினார்.

“மூணாவது மாடிம்மா. கதவுல நொழையல. நாங்களே ஒருக்களிச்சிக்கினுதான் நொழையறோம். படில வச்சா பக்கத்து வூட்டுக்காரன் சண்டைக்கு வரான். பழைய சாமான்காரன் வெல கேக்கறான். ஆத்தா அண்டாவ எடைக்குப் போட முடியுமா? இங்க வச்சிக்கோ. ஆனா ஆடிக்குக் கேப்போம். குடுத்துடணும். முடியாதுன்னா இப்பவே சொல்லு, வண்டி நிக்குது, திருப்பிக்கினு போய்டறேன்.”

“ஆடிக்கு நீ கேக்கவே வேண்டாம். நேரா வந்து எடுத்துண்டு போ” என்றாய்.

“நீ குடுப்ப. உனக்கப்புறம்?”

“இதோ இருக்காளே” என்று என்னைக் காட்டினாய். அப்போது நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். பெரிதாக எதையும் ஒப்புக்கொள்கிறோம் என்று யாரும் அப்படித் தலையாட்டுவதில்லை.

அடுத்து வந்த ஆடியில் அவர்கள் பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். அம்மன் இருந்த இடத்தில் இப்போது ஒரு மதில்சுவர். சுவரில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, அதன் முன்னால் கூழ் காய்ச்சினார்கள். திங்கட்கிழமை அண்டா திரும்பியது. தேய்த்து, பளபளவென்று, உள்ளே ஒரு தூக்குப்பாத்திரம் நிறையக் கூழும் தனியாக ஒரு டிபன் பாக்ஸும். குழு கூடியிருந்த நாள். மாவடு வாசனை பழகிய நம் கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் கருவாட்டுக் குழம்பு எழுந்து நின்றது. பல உறுப்பினர்களுக்கு ஒரே நேரத்தில் வெளியே வேலை வந்துவிட்டது.

“வெறும் அண்டாவா குடுக்கக் கூடாதும்மா” என்றார் தேசம்மா.

“எங்காத்துலயும் அதே வழக்கம்தான்” என்று சொல்லி, நீ டிபன் பாக்ஸை மூடி அவரிடமே கொடுத்தாய். “இது நேக்குப் பழக்கமில்லே, நீ சாப்பிடு. கூழைக் கொடு.” ஒரு டம்ளர் குடித்தாய். இன்னொரு டம்ளர் கேட்டாய். தலைவர் மரியாதைக்காக ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று பொறியாளர் என்ற முறையில் சான்றளித்தார்.

போன தையில் நீ போனாய். கடைசியாக வார்டில் பார்த்தபோது கட்டில்கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேழையெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். தை பிறந்துவிட்டது, பாதி காலி என்றேன். “காலியா இருந்தா பயப்படாதே. நிரம்பி இருந்தாத்தான் பயப்படணும்” என்றாய். உன் தலைமாட்டில் ஏற்றுவதற்குப் பேழையிலிருந்து ஒரு காமாட்சி விளக்கை எடுத்தார்கள். பழக்கத்தில் நான் அட்டை எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று கை ஓடவில்லை. கடைசியில், உள்வீட்டுக்குப் போயிருக்கிறது என்று எழுதி வைத்தேன்.

உன் மகன் வீட்டை அறக்கட்டளைக்கே விட்டுவிட்டான்; உன்னைப் போலவே, யோசிக்காமல். ஆனால் பின்கூடத்து மேல்தளம் உன்னோடு சேர்ந்து வயதானது. மழை பெய்தால் உள்ளே கொஞ்சம் பிந்திப் பெய்யும். வார நாட்களில் திறந்து உட்காருவதற்கு ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். இவ்வளவையும் ஏற்றுக்கொள்ள ஒரு பண்பாட்டு நிதியம் முன்வந்தது. அவர்கள் சார்பில் ஒரு நிபுணர் வந்தார். இளம்பெண். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பொருள்களைத் தொட்டாள். புளியும் செங்கல்தூளும் போட்டு ஊரே தேய்த்த பாத்திரங்கள். கூச்சத்தோடு அவள் கையில் உட்கார்ந்திருந்தன.

அட்டைகளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு முகம் மாறியது.

“ஆன்ட்டி, ஐடியா ரொம்ப அழகா இருக்கு. ஆனா எங்க கண்டிஷன்ல இதுக்கு இடமே இல்ல. மியூசியத்துக்குள்ள வந்த பொருள் வெளிய போகக் கூடாது.”

“கொடுத்தவங்க கேட்டா?”

“கொடுத்துட்டாங்கன்னா அவங்களோடது இல்லையே ஆன்ட்டி.”

உலகம் முழுவதும் இதுதான் நடைமுறை என்பது எனக்கும் தெரியும். எத்தனையோ நாட்டுச் சாமிகள் எத்தனையோ நாட்டு அருங்காட்சியகங்களில் இந்த நடைமுறைப்படிதான் நின்றுகொண்டிருக்கின்றன.

அவள் போனதும் குழு கூடியது. நிதியமும் வேண்டும், கல்யாணத்துக்கு விளக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண முனைந்தார்கள். தலைவர்தான் கண்டுபிடித்தார். பொருளுக்குச் சேதம் என்பது நெருப்பால் வருகிறது; ஆகவே நெருப்பில் ஏற்றும் பொருள்கள் மட்டும் வெளியே போகக் கூடாது, மற்றவை பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்குப் போய்வரலாம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. பொங்கலுக்குப் போய்வருகிற வெண்கலப் பானைகள் நெருப்பில் ஏறுபவையா என்று நான் கேட்டேன். அந்தப் பானைகளில் ஒன்று ஓர் உறுப்பினர் வீட்டுப் பானை. அவர் தலைவரைப் பார்த்தார்.

“அது காஸ் அடுப்பு. சீரான நெருப்பு. நான் சொல்றது விறகு அடுப்பு” என்றார் தலைவர்.

தீர்மானம் திருத்தப்பட்டது. விறகு நெருப்பில் ஏற்றும் பொருள்கள் மட்டும். அப்படி வெளியே போகும் பொருள் நம்மிடம் மொத்தமாக ஒன்றுதான் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதில் மட்டும் நல்ல ஒற்றுமை இருந்தது. நான் எதிர்த்து வாக்களித்தேன். தலைவர் அந்த இளம்பெண்ணிடம் திருத்தத்தைத் தொலைபேசியில் வாசித்தபோது அவள், “கண்டிஷன்னா எல்லாத்துக்கும்தான் சார். ஒண்ணுக்கு மட்டும்னா அது கண்டிஷன் இல்ல” என்றாள். அவளை எனக்கு அன்றிலிருந்து பிடிக்கும்.

அவள் மறுபடி வந்து பார்ப்பதற்குள் ஏதாவது கட்டி வைக்க வேண்டும் என்று தலைவருக்குக் கை பரபரத்தது. நான் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், தச்சரை அழைத்து, தரையில் இருந்த அண்டாவைச் சுற்றித் தேக்குச் சட்டமும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பேழை எழுப்பிவிட்டார். திரும்பி வந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. உள்ளே விளக்குக்கூடப் போட்டிருந்தார். முன்பக்கம் ஒரு சின்னக் கதவு, துடைப்பவர் கையை நுழைக்க வசதியாக.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை தேசம்மா வந்தார். கூட இரண்டு பெண்கள். வாசலில் மீன்பாடி வண்டி. தலைவர் கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். தேசம்மா பேழையைப் பார்த்து நின்றார்.

“இன்னாம்மா இது? ஆத்தாளுக்கு ஏசி ரூம் கட்டிட்டீங்களா?”

“பாதுகாப்புக்காகம்மா” என்றார் தலைவர்.

“யாருகிட்டேர்ந்து?”

தலைவர் நாளிதழை மடித்தார். “பாருங்கம்மா, இப்ப புதுசா விதி வந்திருக்கு. இனிமே வெளிய குடுக்க முடியாது.”

“வூட்டுக்காரம்மா சொல்லிக்கீதே.”

“அவங்க தவறிட்டாங்களேம்மா.”

“தெரியும் சார். சாவுக்கு வந்தேன். நீயுந்தான் இருந்த. காபி குடிச்சிக்கினு.”

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். தலைவருக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு உண்மையிலேயே உதவ வேண்டும் போலிருந்தது. “ஒண்ணு பண்ணலாம். தி.நகர்ல பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கும். இதைவிடப் பெரிசா. நானே என் செலவுல எடுத்துத் தரேன்.”

தேசம்மா கொஞ்சம் யோசித்தார். “செய் சார். அந்த அண்டாவ எடுத்தாந்து இந்தக் கண்ணாடிக்குள்ள வச்சிக்கோ. எங்களுத குடு.”

பிறகு என்னைப் பார்த்தார். வாயால் கேட்டிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருக்கலாம். உட்கார வேண்டிய இடத்தில் தேசம்மா இப்போதும் உட்காரவில்லை. வண்டியைத் திருப்பிவிடச் சொல்வதற்குத் தோதாக வாசல் பக்கம் ஒரு கால் வைத்து நின்றார். இந்த முறை அவர்கள் அண்டா இல்லாமல் போனால், அடுத்த ஆடிக்கு வரமாட்டார்கள். சுவரில் மஞ்சள் பூச ஒருத்தரும் வரமாட்டார்கள். ஓர் ஊர் அந்த ஆற்றங்கரையில் இருந்தது என்பதற்கு நம் பேழைக்குள் நல்ல வெளிச்சத்தில் ஒரு சான்று மட்டும் இருக்கும். அதைத்தான் நாம் வரலாறு என்று பலகை மாட்டிச் சொல்லிக்கொண்டிருப்போம்.

நான் தச்சரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பக்கத்துத் தெருவிலேயே வேலையாக இருந்தார். வந்தார். பேழையின் கதவைத் திறந்தார். அண்டாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

“இது வெளிய வரணும்னா மொதல்லயே சொல்லணும்ல சார்? கதவு சின்னதா போட்டேன்.”

“மியூசியத்துல வச்சது வெளிய வரும்னு யாருய்யா நினைப்பாங்க?” என்றார் தலைவர்.

“அப்ப பிரிக்கணும்.”

“பிரிங்க” என்றேன்.

தலைவர் எழுந்து என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “அம்மா, யோசிச்சுப் பண்ணுங்க. அந்தப் பொண்ணு திங்கக்கிழமை வராங்க.”

“வரட்டும் சார். ஆடிக்குப் போயிருக்கிறதுன்னு அட்டை வைக்கிறேன்.”

“நிதி போயிடும்.”

“தெரியும்.”

“மேல்தளம்?”

“அதுவும் தெரியும் சார்.”

“குழுவுல கேள்வி வரும். செயலாளர் தன்னிச்சையா பண்ணினாங்கன்னு.”

“அப்படியே எழுதுங்க. செயலாளர் தன்னிச்சையா பண்ணினார். பக்கத்துல, கொடுத்தவர் கேட்டால் கொடுப்பதே இந்த இடத்தின் முதல் விதின்னும் எழுதிக்கங்க. அதையும் நான் தன்னிச்சையாத்தான் சொல்றேன்.”

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து நாளிதழைத் திறந்தார். தச்சர் கீழ்ச்சட்டத்தின் திருகாணியில் கைவைத்தார். நாளிதழ் கொஞ்சம் தாழ்ந்தது. தச்சர் கீழ்த்திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். நாளிதழ் முழுவதும் இறங்கிவிட்டது.

“யோவ், யோவ்! கீழ கழட்டினா கண்ணாடி மொத்தமும் சரியும்யா! மேல் சட்டம் மொதல்ல. இந்தப் பக்கம் ஒருத்தர் பிடிங்க. ஏம்மா, நீங்க பிடிங்க. இன்னும் மேல!”

கட்டியதைப் பிரிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது, அது தவறினால் ஒரு பொறியாளரால் வேடிக்கை பார்க்க முடியாது. அவர் உத்தரவு கொடுக்க, தேசம்மா கண்ணாடியைப் பிடிக்க, வந்த பெண்கள் சட்டத்தைத் தாங்க, ஒரு கீறல் இல்லாமல் பேழை பிரிந்தது. அண்டா வெளியே வந்தது. வாசலைத் தாண்டும்போது, நிலையில் இடிக்கும், சாய்த்துப் பிடியுங்கள் என்று கத்தியதும் அவர்தான். வண்டி நகர்ந்த பிறகே தான் எந்தத் தரப்பு என்பது அவருக்கு நினைவு வந்தது. “எனக்கு இதுல உடன்பாடு இல்லன்னு குறிப்புல போட்டுக்கங்க” என்றார். போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆற்றங்கரைக்குப் போனேன். நீ இருக்கும்வரை அங்கே போனதில்லை. நீ போய்வந்து சொல்வதைக் கேட்பதோடு சரி. மதில்சுவரில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. பெரும்பாக்கம் பஸ்ஸில் வந்த பெண்கள், எதிர்ப்பக்கத்து அடுக்குமாடியில் வேலை செய்யும் பெண்கள், ஞாயிறானாலும் பள்ளிச் சீருடையையே நல்ல உடுப்பாகப் போட்டு வந்த பிள்ளைகள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்த தேசம்மா என்னைப் பார்த்ததும், “தள்ளி நில்லும்மா, புடவைல தெறிக்கும்” என்றார். அதைத் தவிர வரவேற்பு எதுவும் இல்லை. யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று கூழ் வாங்க வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே எங்க வாசல், இதோ இந்தக் கல் வரைக்கும் என்று ஒரு பெண் காலால் தேய்த்துக் காட்டினாள். நம் அருங்காட்சியகத்தில் அதற்கு இணையான விளக்கவுரை இன்றுவரை கொடுக்கப்பட்டதில்லை.

திங்கட்கிழமை நிபுணர் வந்தாள். பிரித்த சட்டங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. தரையில் அண்டா இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடமும் என் அட்டையும். அவள் அட்டையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அண்டா திரும்பி வந்தது, உள்ளே தூக்குப்பாத்திரத்தோடு.

“நான் பார்த்ததை எழுதித்தான் ஆகணும் ஆன்ட்டி.”

“எழுதும்மா. முதல்ல இதைக் குடி.”

குடித்தாள். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் குடித்தாள். எழுதுவதையும் நேர்மையாக எழுதினாள்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை என்று பார்த்தால், சாவிக்கொத்து இருக்கிறது, காலண்டர் அட்டைகள் இருக்கின்றன, யாரிடம் எது இருக்கிறது என்கிற விவரம் பாதி மனசில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, கேட்டவுடன் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுகிற அந்த வேகம் வந்திருக்கிறது. முன்பு அதை உன் அவசரபுத்தி என்று நினைத்திருந்தேன். யோசித்தால் குழு கூடிவிடும், கூடினால் விறகு அடுப்புக்கும் காஸ் அடுப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடும் என்று நீ முன்கூட்டியே அறிந்திருந்தாய் போலும். அந்த வேகத்தை நான் விடுவதாக இல்லை. எனக்கு அப்புறம் யார் என்று தேசம்மா கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைவராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. அண்டாவுக்குச் சக்கரம் வைத்த பலகை ஒன்று செய்தால் வாசல்வரை தள்ளிக்கொண்டு போகலாமே என்று போன வாரம் என்னிடம் தனியாகச் சொன்னார். உடன்பாடு இல்லை என்ற குறிப்பு அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

நிதியத்தின் பதில் வந்துவிட்டது. புரட்டாசி முதல் பின்கூடம் மூடப்படுகிறது. அருங்காட்சியகம் சனி, ஞாயிறு காலைகளில் மட்டும் திறந்திருக்கும்.